முக்காலில் அரை போனால்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு லாட்ஜ் இருந்தது. சீசனுக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு புரள்வதற்கென்றே கட்டப்பட்டது. சாரல் காலத்தில் நிரம்பி வழியும். மற்ற மாதங்களில் வௌவால் அடையும். வௌவாலிடம் வாடகை கேட்க முடியாத வருத்தத்தில் அதன் முதலாளி வல்லிநாயகம் லாட்ஜைச் செவிலியர் கல்லூரியாக மாற்றினார். பெரிய மாறுதல் எதுவும் செய்யவில்லை. அறை எண்கள் வகுப்பு எண்களாயின. முதலாளி தாளாளரானார். வரவேற்பு மேசையில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனர் பிச்சைமணி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரானார். உடற்கூறு ஆய்வகத்துச் சுவரில் 'எண்ணெயோடு மெத்தையில் உட்காரக் கூடாது' என்ற பழைய அறிவிப்பு மட்டும் எத்தனை வெள்ளையடித்தாலும் மறுபடி தெரிந்தது. முதலாண்டு மாணவிகள் அதையும் பாடம் என்று எழுதிக்கொண்டார்கள்.

நுழைவுத் தேர்வு வைக்காத கல்லூரியை ஊரில் எவனும் மதிக்கமாட்டான் என்று வல்லிநாயகத்துக்கு ஒரு எண்ணம். அரசாங்கமோ பல்கலைக்கழகமோ கேட்காமலே ஒரு தேர்வை ஏற்பாடு செய்தார். அதில் கணக்கு கட்டாயம்.

கடையத்து உமாராணிக்கு இந்தத் தேர்வு வாழ்வா சாவா என்று ஆகிவிட்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா பாண்டிராஜ் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலங்குளத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். சிமெண்ட் ஏஜென்சி வைத்திருக்கிறவன். வந்த இடத்தில் பெண்ணைவிடத் தன் போனைத்தான் அதிகம் பார்த்தான். நர்சிங் சீட் கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைப்பது, கிடைக்காவிட்டால் ஆவணியில் முகூர்த்தம் என்று பாண்டிராஜ் உத்தரவு போட்டிருந்தார். அந்த வீட்டில் பேச்சு எல்லாமே உத்தரவுதான்.

உமாராணிக்குப் பின்னம் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். பகுதி ஒன்றாக இருந்தால் எப்படியோ சமாளிப்பாள். பகுதி வேறு வேறாக இருந்துவிட்டால் பேனா நின்றுவிடும். கடையம் பஸ்ஸில் போகவர போனில் வீடியோ போட்டுப் பார்த்தாள். ஒருவர் மீச்சிறு பொது மடங்கு என்றார், இன்னொருவர் குறுக்குப் பெருக்கல் என்றார், மூன்றாமவர் பாட்டாகவே பாடினார். எதுவும் ஏறவில்லை. கடைசியில் ஒருநாள் செங்கோட்டை சாலையில் பரோட்டா தின்றுகொண்டிருந்தபோதுதான் சட்டென்று பிடிபட்டது. இலையில் முக்கால் பரோட்டா மிச்சமிருந்தது. கூட வந்த பேச்சித்தாய், அதே தேர்வை எழுதப்போகிற சிநேகிதி, அதில் அரைப் பரோட்டா கேட்டாள். அரையை அப்படியே பிய்க்க வரவில்லை. இரண்டு காலாகப் பிய்த்துக் கொடுத்தாள். இலையில் ஒரு கால் கிடந்தது. இரண்டையும் ஒரே அளவுத் துண்டாக்கிக்கொண்டால் அப்புறம் எண்ணிக் கழிக்க வேண்டியதுதான், இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று வீட்டுக்குப் போய் ஒரு நோட்டு முழுக்கப் பின்னமாகக் கழித்துத் தள்ளினாள்.

தேர்வில் முதல் கேள்வியே அதுதான்: முக்காலிலிருந்து அரையைக் கழிக்க. உமாராணி கால் என்று எழுதினாள். மற்ற கழித்தல்களையும் அதே தெம்போடு போட்டாள். வெளியே வரும்போது சாரல் முகத்தில் அடித்தது. ஆலங்குளத்துக்காரனுக்கு மனசுக்குள்ளேயே வேறு நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிவைத்தாள்.

முடிவு வந்தது. கணக்கில் உமாராணிக்குச் சுழி. பேச்சித்தாய்க்கு முழு மதிப்பெண்.

பேச்சித்தாய்க்கே அது புரியவில்லை. "எனக்கு என்னட்டி தெரியும்? மேல உள்ளத மேல கழிச்சேன், கீழ உள்ளத கீழ கழிச்சேன். மூணுல ஒண்ணு போனா ரெண்டு. நாலுல ரெண்டு போனா ரெண்டு. ரெண்டின் கீழ் ரெண்டு, ஒண்ணு. தப்புன்னு நெனச்சிட்டுத்தான் எழுதுனேன்" என்றாள்.

முக்காலிலிருந்து அரையை எடுத்தால் முழுசாக ஒன்று மிஞ்சும் என்பதுதான் கல்லூரியின் விடை.

உமாராணி பிச்சைமணியைப் போய்ப் பார்த்தாள். அவர் விடைத்தாளைப் பார்க்கவில்லை, தான் தயாரித்த விடைக்குறிப்பைத்தான் பார்த்தார். அதில் ஒன்று என்று அச்சடித்திருந்தது. அதுவும் தென்காசியிலேயே பெரிய அச்சகத்தில், வழவழப்பான தாளில். அந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தால்கூட ஒரு எழுத்து பிசகாது என்றார். உமாராணி மறுநாள் பரோட்டாவோடு வந்தாள். மேசையில் வைத்து முக்காலாக்கி, அதில் அரையை எடுத்துக் காட்டி, மிச்சம் எவ்வளவு என்று கேட்டாள். பிச்சைமணி மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, சால்னா இல்லையா என்றார். பிறகு எடுத்த அரையையும் தின்றுவிட்டு, குறைதீர்க்கும் குழுவுக்கு மனுப் போடச் சொன்னார். குழுவின் நடவடிக்கைக் குறிப்பில், 'மனுதாரர் தாக்கல் செய்த ஆதாரம் முதல்கட்ட விசாரணையின்போது உட்கொள்ளப்பட்டது' என்று பதிவாயிற்று.

குறைதீர்க்கும் குழுவுக்குத் தலைவர் வல்லிநாயகம். உறுப்பினர் பிச்சைமணி. பார்வையாளராகப் பிச்சைமணியின் அக்கா, அதாவது தாளாளரின் மனைவி, வந்து ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பாண்டிராஜும் மகளோடு போயிருந்தார். குழு என்றதும் விறைப்பாக நின்றுகொண்டார்.

வல்லிநாயகம் கோபப்படவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"பாப்பா, பின்னம்னா என்ன? மேல ஒருத்தன், கீழ ஒருத்தன், நடுவுல ஒரு கோடு. கோடு எதுக்கு? மேல உள்ளவன் மேல இருக்கணும், கீழ உள்ளவன் கீழ இருக்கணும், அதுக்குத்தான். மேல உள்ளவனுக்கு மேல உள்ளவன்கிட்டதான் கொடுக்கல் வாங்கல். கீழ உள்ளவனுக்குக் கீழ உள்ளவன்கிட்ட. நீ என்ன செஞ்சிருக்க? கீழ உள்ளத எடுத்து மேல உள்ளதோட பெருக்கியிருக்க. கலந்துட்ட. அப்படிக் கலந்தா பொறவு கோடு எதுக்கு?"

பகுதிகளைச் சமமாக்கினால்தான் கழிக்க முடியும் என்றாள் உமாராணி.

"அதான் கேக்கேன். எதுக்குச் சமமாக்கணும்? நாலு நாலாவே இருக்கட்டும், ரெண்டு ரெண்டாவே இருக்கட்டும். எங்க அப்பா காலத்துல இருந்து அது அது அதோட இடத்துலதான் இருக்கு. நல்லாத்தான் இருக்கோம்."

பொது மடங்கு என்று அவள் ஆரம்பித்ததும் பிச்சைமணி குறுக்கிட்டார். "இங்கன பொது கிது எல்லாம் கிடையாதும்மா. இது தனியார் கல்லூரி."

தாளாளரின் மனைவி தலையாட்டினார். மனு தள்ளுபடி ஆயிற்று. ஆனால் தாளாளர் இரக்கமுள்ளவர். கல்லூரியின் முறையைக் கற்றுக்கொண்டு மறுதேர்வு எழுதலாம் என்று ஒரு வாய்ப்புத் தந்தார். அந்த முறைக்கு அன்றைக்கே 'வல்லிநாயகம் நேர்கழித்தல் முறை' என்று பெயரும் சூட்டப்பட்டது. அதுவரை அது பிச்சைமணி செய்த தப்பு. அன்றுமுதல் அது முறை.

வெளியே வந்ததும் பாண்டிராஜ் மகளிடம் சொன்னார்: "மேலதிகாரி கெழக்கன்னா கெழக்கு. பட்டாளத்துல அப்படித்தான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அவன் சொன்னதச் சொன்னபடி அப்படியே செஞ்சோம்னா, அதவிட அவனுக்குப் பெரிய தண்டனை கிடையாது. நான் ஒரு மேஜரை அப்படித்தான் ஊருக்கு அனுப்பினேன்."

அப்பா இத்தனை நீளமாகப் பேசி உமாராணி கேட்டதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அழுகை வரவில்லை. பல்லை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுதேர்வில் அவள் ஒரு பிசகும் இல்லாமல் மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கழித்தாள். முழு மதிப்பெண். பிச்சைமணியே சில கணக்குகளில் தடுமாறிய இடத்திலும் அவள் தடுமாறவில்லை. வல்லிநாயகம் பூரித்துப்போனார். எதிர்த்து வந்த பெண்ணே ஏற்றுக்கொண்டாள் என்பது எப்பேர்ப்பட்ட விளம்பரம். கல்லூரி வாசலில், மருத்துவமனைப் பிரிவு என்று கட்டில் போட்டு வைத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேரெதிரே, ஆளுயரத்துக்கு ஒரு பிளக்ஸ் வைத்தார். ஒரு பக்கம் கைகூப்பிய அவர் படம், மறுபக்கம் வெள்ளைக் கோட்டில் உமாராணி, நடுவே தீ எழுத்தில் ¾ − ½ = 1. கீழே, 'கழித்தாலும் குறையாத கல்வி'.

ஆலங்குளத்துப் பேச்சு தள்ளிப்போயிற்று. உமாராணி விடுதியில் சேர்ந்தாள். முதல் மதிப்பெண் எடுத்த மாணவி என்பதால் விடுதிச் சாப்பாட்டுப் பொறுப்பும் வகுப்பு நேரப் பொறுப்பும் அவளிடமே வந்தன. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் தாளாளரிடமிருந்து உத்தரவு வந்தது. விடுதியில் சாப்பாட்டு மேசைக்கு முக்கால் லிட்டர் பால் போகிறதாம், அதில் அரை லிட்டரைக் குறைக்க வேண்டுமாம். உமாராணி பால்காரரிடம் மேசைக்கு ஒரு லிட்டர் என்று சொல்லிவிட்டாள். முறைப்படி அதுதான் விடை. பெண்கள் காப்பியில் ஆடை மிதக்கக் குடித்தார்கள். பிச்சைமணி பதறியடித்துக்கொண்டு வந்தார். உமாராணி பிளக்ஸைக் காட்டினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, பால் உடம்புக்கு நல்லதுதான் என்று சொல்லிப் போனார்.

தினமும் காலையில் வல்லிநாயகம் அரை மணி நேரம் அறிவுரை சொல்வது வழக்கம். ஒழுக்கம், பணிவு, அவர் வளர்ந்த விதம். சீசன் கூட்டத்தில் லாட்ஜ் நண்பர்கள் வந்து போகவே, அதில் கால் மணி நேரத்தைக் குறைத்துக்கொள்வதாகப் பெருந்தன்மையோடு அறிவித்தார். மறுநாள் அவர் மேடையேறித் தொண்டையைச் செருமியதும் பெண்கள் எல்லாரும் எழுந்து கும்பிட்டுவிட்டு வரிசையாக வெளியே போய்விட்டார்கள். கூப்பிட்டுக் கேட்டபோது உமாராணி பணிவாக விளக்கினாள். அரையில் கால். மேலே ஒன்றில் ஒன்று போகச் சுழி. கீழே என்னவாக இருந்தாலும் சுழி சுழிதான். பேச்சு முடிந்துவிட்டது சார் என்றாள். அன்றைக்கு மட்டும் அல்ல, அதற்குப் பிறகும் தாளாளர் காலி மண்டபத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டியிருந்தது.

அவருக்குச் சந்தேகம் வந்தது. இந்தப் பெண் வேண்டுமென்றே செய்கிறாளோ என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். ஆனால் என்ன குற்றம் என்று எழுதி விலக்குவது? கல்லூரியின் முறையைக் கடைப்பிடித்தாள் என்றா?

இந்தச் சமயத்தில்தான் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வந்தது. தலைவர் பார்வதியம்மாள், ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமைச் செவிலியாக இருந்தவர். சிரிப்பதைச் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டவர் போலிருந்தார். கல்லூரிக்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும், அதில் நோயாளிகள் வேண்டும் என்பது விதி. கட்டில்கள் இருந்தன. நோயாளிகளாகத் தோட்டக்காரர், ஓட்டுநர்கள், சமையல்காரர் எல்லாரும் படுத்துக்கொண்டார்கள். செங்கோட்டையிலிருந்து டாக்டர் முகம்மது மீரானை, இலவச மருத்துவ முகாம் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். அப்படியும் இரண்டு கட்டில் காலி. ஒன்றில் பிச்சைமணி, இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு ஏறிப் படுத்தார். மற்றதில் தாளாளரே படுத்தார். குழுவில் யாருக்கும் அவர் முகம் தெரியாது என்பது அவர் கணக்கு. எதிரே ஆளுயரத்துக்குத் தன் படம் நிற்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

தனக்கு நோயாக அவர் 'அதிக உழைப்பு' என்று எழுதச் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் மீரான் அப்பாவி. முகாம் என்று நம்பி வந்தவர், தாளாளரின் வயிற்றை உண்மையாகவே அமுக்கிப் பார்த்து, ஆய்வு விருந்துகளில் இறுகிப்போயிருந்த குடலைக் கண்டுபிடித்துவிட்டார். கூட நின்ற தாளாளரின் மனைவி ஏற்கெனவே முக்கால் டம்ளர் பேதி மருந்து கொடுத்து வருவதாகச் சொல்லவும், அது அதிகம், அதில் அரை டம்ளரைக் குறைக்கவும் என்று சீட்டில் எழுதினார்.

பார்வதியம்மாள் சீட்டைப் படித்தார். முதல் மதிப்பெண் மாணவியைக் கூப்பிடச் சொன்னார். உமாராணி வந்தாள்.

"முக்கால் டம்ளர்ல அரை டம்ளரைக் குறைக்கணும். இப்ப எவ்வளவு கொடுப்பே?"

"எங்க கல்லூரி முறைப்படிதான குடுக்கணும், மேடம்?"

"கல்லூரியில சொல்லிக்கொடுத்தபடி கொடு."

உமாராணி வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். மூன்றில் ஒன்று போக இரண்டு, நாலில் இரண்டு போக இரண்டு, இரண்டின் கீழ் இரண்டு. டம்ளரை விளிம்பு வரை நிரப்பித் தாளாளரிடம் நீட்டினாள்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பார்வதியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியே பிளக்ஸைப் பார்த்தார்; கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்; மறுபடி பிளக்ஸைப் பார்த்தார். பிறகு மரியாதையாகவே சொன்னார்: "தப்புன்னா இப்பவே சொல்லுங்க தாளாளர் சார். மருந்தைக் கொட்டிடலாம். அந்த போர்டையும் இறக்கிடலாம்."

வல்லிநாயகம் டம்ளரைப் பார்த்தார். வெளியே தானே தன்னைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். வயிறு ஒரு பக்கம் இழுத்தது, மானம் ஒரு பக்கம் இழுத்தது. "முறை சரிதான்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழு டம்ளரையும் குடித்தார்.

உமாராணி அடுத்த டம்ளரை ஊற்றிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினாள். பிச்சைமணிக்கு எந்த மருந்தும் எழுதப்படவில்லை. ஆனால் அவர் அதை யோசிக்கிற நிலையில் இல்லை.

"கால்! கால்!" என்று அலறினார்.

டாக்டர் மீரான் ஓடிவந்து மாவுக்கட்டைத் தடவி, எந்தக் காலில் வலி என்று கேட்டார்.

"இந்தக் கால் இல்ல டாக்டர், அந்தக் கால்! முக்கால்ல அரை போனா கால்! எனக்கு அப்பவே தெரியும், அத்தான்தான் ஒத்துக்கிடல" என்று கத்திக்கொண்டே கட்டிலை விட்டுக் குதித்து, இரண்டு மாவுக்கட்டோடும் படியிறங்கி ஓடினார். சீசன் கூட்டத்தில் அவரை ஐந்தருவிப் பக்கம் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

தாளாளரால் அவ்வளவு தூரம் ஓட முடியவில்லை. வார்டுக் குளியலறை வரைதான் முடிந்தது. ஊரெல்லாம் அருவி கொட்டுகிற நாளில் அந்தக் குளியலறைக் குழாயில் மட்டும் காற்று வந்தது. உள்ளிருந்து தண்ணீர் தண்ணீர் என்று குரல் வந்தது. உமாராணி ஒரு வாளியில் முக்கால் அளவு தண்ணீர் கொண்டுவந்து கதவருகே நின்றாள்.

"சார், இதுல முக்கால் வாளி இருக்கு. சமையலுக்கு அரை வாளி வேணுங்காங்க. எடுத்துக்கிடுதேன். உங்களுக்கு ஒரு வாளி மிச்சமிருக்கும்."

"ஏட்டி, வெளையாடாத. வாளிய வையி."

அவள் அரை வாளியை நிதானமாக வேறொரு பாத்திரத்தில் ஊற்றினாள். ஊற்றுகிற சத்தம் அவருக்குக் கேட்கும்படி உயரத்திலிருந்து ஊற்றினாள். பிறகு மிச்சத்தைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள். "இந்தாங்க சார், முழு வாளி."

உள்ளே வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு வல்லிநாயகத்தின் குரல் வார்டு முழுக்க எதிரொலித்தது.

"இது கால் வாளிதான்ட்டி!"

பார்வதியம்மாள் கதவருகே வந்தார். "குழுவுக்குச் சரியாக் கேக்கல சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

"கால். முக்கால்ல அரை போனா கால். கால் வாளி ஒரு மனுசனுக்குப் பத்தாது. தண்ணி கொண்டாரச் சொல்லுங்கம்மா."

மறுபடியும் சொல்லச் சொன்னார், எழுதிக்கொள்ள வேண்டும் என்று. தாளாளர் சொன்னார். ஜன்னலில் மொத்த விடுதியும் நின்று கேட்டது. அதற்கப்புறம்தான் உமாராணி தண்ணீர் எடுக்கப் போனாள். மெதுவாகத்தான் நடந்தாள்.

ஆய்வுக் குழுவின் அறிக்கையில் போலி நோயாளிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது எங்கும் உள்ளதுதான். கணக்கைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார்கள். கால் என்று எழுதிச் சுழி வாங்கிய பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு இடம் கொடுக்க வேண்டும். ஒன்று என்று எழுதியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தாளாளரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் தங்கள் கல்லூரி நுழைவுத் தேர்வைத் தாங்களே எழுதித் தேற வேண்டும். தேறும்வரை இருவரும் நாற்காலியில் உட்காரக் கூடாது. கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் மாணவி உமாராணி.

பிளக்ஸை இறக்கினார்கள். பேச்சித்தாய் அதில் ¾ − ½ = 1 இருந்த துண்டை வெட்டி விடுதிக் கொடியில் காயும் துணிகளுக்கு மேல் சாரல் படாமல் கட்டிக்கொண்டாள். உமாராணி பரோட்டா வாங்கிவந்து அவளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள்.

தேர்வு நாளில் வல்லிநாயகமும் பிச்சைமணியும் முதல் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினார்கள். பிச்சைமணி அத்தானைப் பார்த்து எழுதினார், அத்தான் கையால் மறைத்துக்கொண்டார். பின்னால் புதிதாக வந்த பெண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரே கேள்விதான்.

தாளாளர் முதலில் எழுந்து வந்து தாளை நீட்டினார். நல்ல எழுத்தில் கால் என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். முகத்தில் வெற்றிக் களை.

உமாராணி தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்துப் பெரிதாக ஒரு சுழி போட்டாள்.

வல்லிநாயகம் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். கால்தானே விடை என்று கேட்டார்.

"விடை சரிதான் சார்" என்றாள் உமாராணி. "எப்படி வந்துச்சுன்னு வழிமுறை எழுதலியே."